இருமிவிட்டு வந்த பேய்

ரசூல்பூர் கடைத்தெருவில் ராமேக்பாலைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாத வீடு கிடையாது. தோளில் வீடியோ கேமராவோடு அவன் வந்து நின்றால்தான் கல்யாணம் நடந்ததாகக் கணக்கு. ஒரே ஒரு குறை, அவன் எடுத்த படத்தில் மணமக்களைவிடப் பூரிதான் அதிகம் தெரியும். காலையிலிருந்து பட்டினியாக நிற்கிறவன் கண் எங்கே போகுமோ, கேமராவும் அங்கேதான் போகும். இதில் அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

ஊர் விடுமா? 'பூரி டைரக்டர்' என்றே பெயர் வைத்துவிட்டது. கடுகெண்ணெய் மில் வைத்திருந்த அவன் அப்பா ஜமுனா சாஹுக்கு அது காதில் விழும்போதெல்லாம் உடம்பு எரியும். இதில் பையன் பேய்ப்படம் வேறு எடுக்கப்போகிறேன் என்றதும் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"சட் பூஜைத் திருவிழா முடியட்டும். உருளைக்கிழங்குக் கிடங்கு காலியாத்தான் கிடக்கும். அங்க ஊரைக் கூட்டி உன் படத்தைப் போடு. ஒருத்தன் சிரிச்சாலும் கேமராவை வித்துட்டு மில்லுல வந்து உக்காரணும்."

"சரி பாபுஜி."

"பேயா யாரு நடிக்கிறா?"

"யாருமில்ல. கேமராதான் பேய்."

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு மகனை மேலும் கீழும் பார்த்தார். அவன் சொன்னது நியாயம்தான். வேட்டியைப் போர்த்தி மாவைப் பூசி ஒருவனைப் பேயாக்கிப் பார்த்தாயிற்று. தெருநாய் வாலாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே போனது. அதனால் பேயைக் காட்டவே வேண்டாம், பேய் பார்ப்பதை மட்டும் காட்டுவோம் என்று முடிவு செய்தான். கேமரா சந்தில் மெல்ல வரும், கதவைத் தள்ளும், முற்றத்தில் தனியாக இருக்கும் பெண்ணை நெருங்கும். படம் பார்க்கிறவன் பேயின் கண்ணுக்குள் உட்கார்ந்திருப்பான். அவள் திரும்பி நேராக அவனைப் பார்த்து அலற வேண்டும்.

அலறப் பெண் வேண்டுமே? கூத்துக் குழுவில் பெண்வேஷம் கட்டும் லல்லனைக் கூட்டிவந்தான். தூரத்தில் அழகாகத்தான் இருந்தான். கேமரா கிட்டே போனதும் இரண்டு நாள் தாடி தெரிந்தது. அதைப் பார்த்தால் பேய்தான் அலறியிருக்கும்.

கடைசியில் அவன் அம்மாதான் வழி சொன்னாள். "வெளியில எதுக்குத் தேடற? நம்ம வீட்டுச் சின்ன மருமக எலியைப் பார்த்துக் கத்தினா ஸ்டேஷன்ல ரயில் நின்னுடும்."

சின்ன மருமகள் என்றால் தம்பி சிவ்பச்சனின் மனைவி பூல்மதி. ராமேக்பால் அவளுக்கு மூத்தார். மூத்தாரின் நிழல்கூடத் தம்பி பெண்டாட்டி மேல் படக்கூடாது. முகம் பார்க்கக்கூடாது, பேச்சு கூடாது, பெயரைச் சொல்லவே கூடாது. முற்றத்துக்குள் வருமுன் வாசலில் நின்று ஒரு இருமல் இருமினால் உள்ளே அவள் முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொள்வாள். ராமேக்பாலின் இருமல் செத்துப்போன பெரியப்பாவின் இருமல், அச்சு மாறாமல் அவன் தொண்டைக்கு வந்திருந்தது. முதலில் ஒன்று சின்னதாக, பிறகு மூச்சு விட்டு இரண்டு பெரிதாக.

இப்போது படப்பிடிப்பைப் பாருங்கள். டைரக்டர் நடிகையோடு பேச முடியாது. அவன் தூணைப் பார்த்துப் பேசினான்.

"ஏ தூணே! முதுகைக் காட்டிக்கிட்டு அரிசி புடைக்கச் சொல்லு. நான் கிட்ட வந்ததும் திரும்பணும்."

பூல்மதி திருகைக் கல்லிடம் பதில் சொன்னாள். "ஏ திருகையம்மா! புரிஞ்சுதுன்னு சொல்லு."

கேமரா சந்தில் ஊர்ந்து வந்தது. காற்றுகூட அசையவில்லை. வாசல்படி வந்ததும், பிறந்ததிலிருந்து பழகிய தொண்டை சும்மா இருக்குமா? பேய் இருமியது. பெண் சடக்கென்று முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அலறலுக்குப் பதில், "மாயி, பெரியவர் வந்திருக்கார், டீ போடவா?" என்று மாமியாரிடம் கேட்டாள்.

அம்மா சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த அரிசி கொட்டியது. மறுபடி எடுத்தார்கள். அவன் இருமலை விழுங்கினாலும் அவள் கை முக்காட்டுக்குப் போய்விட்டது. கேமராவுக்குப் பின்னால் இருப்பது யார் கண் என்று அவளுக்குத் தெரியாதா?

"அண்ணே, என்கிட்ட குடு," என்று சிவ்பச்சன் கேமராவை வாங்கினான். அது இன்னும் மோசம். பேய் நெருங்கியதும் பூல்மதி திரும்பி, இடுப்பில் கை வைத்து, நேராக கேமராவைப் பார்த்து, "மண்ணெண்ணெய் வாங்கிட்டு வரச் சொன்னேனே, எங்க?" என்றாள். ஊரில் அத்தனை ஆண்களும் தங்கள் வீட்டில் பார்க்கிற முகம் அது. பயம் இல்லாமல் இல்லை, ஆனால் பேய்ப்படத்துப் பயம் வேறு.

ராமேக்பால் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "ஏ தூணே, நாளையிலிருந்து நான் மில்லுக்குப் போறேன்."

முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏ திருகையம்மா! பேயோட கண்ணுல உக்காந்தா யாருக்குப் பயம் வரும்? பேய்க்கு என்ன பயம்? படம் பார்க்கறவங்களை என் கண்ணுல உக்கார வைக்கச் சொல்லு. மூத்தார் இருமினா எனக்கு எப்படி இருக்கும்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

ராமேக்பால் தூணைப் பார்த்தான். தூண் ஒன்றும் சொல்லவில்லை. அவன்தான் எழுந்து நின்றான்.

கதையை அன்றே மாற்றினார்கள். சுவரில் மாலை போட்ட படம். மூத்தார் செத்துக் காரியமும் முடிந்துவிட்டது. வீட்டில் இளம் மருமகள் தனியாக. ராமேக்பால் கேமராவை அவள் உட்காரும் இடத்தில், அவள் முகத்தின் உயரத்தில் பிடித்துக்கொண்டான். பூல்மதி பின்னால் நின்று, கையை மட்டும் முன்னால் நீட்டி, தன் சிவப்புச் சேலைத் தலைப்பைக் கேமரா கண்ணின் மேல் இழுத்துவிட்டாள். இப்போது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. முறைக்கும் பங்கமில்லை. இருமலையும் அவன் இனி விழுங்க வேண்டியதில்லை.

சட் பூஜை முடிந்த வாரம், பட்டப்பகலில், கிடங்கில் படம். சன்னல் இல்லாத இடம். கதவைச் சாத்தினால் கண்ணில் விரல் விட்டாலும் தெரியாது. மேசை மேல் பெரிய டி.வி. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், சாக்கு மேல். ஜமுனா சாஹுக்கு மட்டும் நாற்காலி.

"பூரி எப்போடா வரும்?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

"இது கணக்குல வராது, படம் ஆரம்பிக்கல," என்றார் ஜமுனா சாஹ். நியாயமான மனிதர்.

டி.வி.யில் முறம், முறத்தில் அரிசி. வளையல் கை புடைக்கிறது. நிமிர்ந்தால் முற்றம், காலி வாசல். சுவரில் மாலை போட்ட படம். மறுபடி அரிசி. டி.வி.க்குப் பக்கத்தில் ராமேக்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படத்தில் வாசல் காலியாகவே இருந்தது.

இருமல் கேட்டது. முதலில் ஒன்று சின்னதாக, பிறகு மூச்சு விட்டு இரண்டு பெரிதாக.

டி.வி. முழுக்கச் சிவப்புத் துணி இறங்கியது. அதே கணத்தில் கிடங்கில் சர்ரென்று ஒரு சத்தம். அத்தனை பெண்களும் ஒரே இழுப்பில் முக்காட்டை மூக்கு வரை இழுத்திருந்தார்கள். ராமேக்பாலின் அம்மா தாடை வரை இழுத்துக்கொண்டு, "பெரியவர் வந்துட்டார்," என்று முனகினாள். துணிக்கு அந்தப்பக்கம் மரச்செருப்புச் சத்தம் நெருங்கி வந்து நின்றது. அந்தத் துணிக்குள் ரசூல்பூரே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை.

கதவைத் திறந்து வெளிச்சம் வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. ஜமுனா சாஹ் கீழே சாக்கில் குந்தியிருந்தார். செத்துப்போன அண்ணனே ஆனாலும், அண்ணன் இருமினால் தம்பி நாற்காலியில் உட்காரலாமா? அவரே அறியாமல் இறங்கியிருக்கிறார்.

"பாபுஜி, கேமரா?" என்று கேட்டான் ராமேக்பால்.

"வச்சுக்கோ," என்றார். எழுந்தவர் நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

மறுநாள் மதியம் பசியோடு வீட்டுக்கு வந்த ராமேக்பால், பழக்கதோஷத்தில் வாசலில் நின்று இருமினான். உள்ளே பூல்மதி அலறினாள் பாருங்கள், அந்த அலறல் மட்டும் படத்தில் கிடைத்திருந்தால்! சட்டி உருண்டது, பருப்பு கொட்டியது, வீடு முழுக்க அன்று பட்டினி.

அன்றிலிருந்து அவன் வாசலில் இருமுவதில்லை. சைக்கிள் மணி அடித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.