காலடியில் மிஞ்சிய இடம்

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் மாசி மாதம் பிலோமின்ராஜின் புதிய தயாரிப்பு எல்லா விதத்திலும் தயாராகிவிட்டது. ஆள்தான் யாரும் சாகவில்லை.

சாகவே இல்லை என்று சொல்ல முடியாது. மற்ற ஊர்க்காரர்கள் சாகிற அளவுக்குக் காரைக்கால்காரர்களும் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பிள்ளைகளைப் பக்கத்துத் தெருவிலேயே வைத்துக்கொண்டு, காலையில் செத்து சாயங்காலமே அடக்கமாகிக்கொண்டிருந்தார்கள். பிலோமின்ராஜ் செய்து வைத்திருந்தது ஐஸ் பெட்டி. அதற்கு இரண்டு மூன்று நாள் காத்திருக்கக்கூடிய சாவு தேவைப்பட்டது.

மார்க்கெட்டுக்குப் பின்னால் அவனுக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை. நாற்பத்திரண்டு வயது, கை சுத்தம், வாய் சுத்தம், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவன். அவனுடைய பெரியப்பா இறந்தபோது, பாரிசிலிருந்து மகன் வந்து சேரும்வரை வெளியூரிலிருந்து ஒரு ஐஸ் பெட்டியை வாடகைக்கு எடுத்து வந்தார்கள். கடல்காற்றின் ஈரத்தில் கண்ணாடி வியர்த்துக்கொட்டியது. மகன் வந்தார். கைக்குட்டையால் துடைத்தார், அப்பா முகம் தெரிந்தது. "அப்பா" என்று ஆரம்பிப்பதற்குள் மறுபடி மூடிக்கொண்டது. துடைத்துத் துடைத்து அழுதார். எல்லாரும் அழுதுகொண்டிருக்க, பிலோமின்ராஜ் மட்டும் கண்ணாடியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐஸ்கிரீம் கடைக் கண்ணாடி வியர்க்காமல் இருக்க ஓரத்தில் மெல்லிய சூட்டுக் கம்பி ஓடும். அதை இதில் ஏன் யாரும் வைக்கவில்லை?

ஒன்றரை வருஷம் அதிலேயே போனது. கரண்ட் போனால் தாங்க பேட்டரி, சந்தில் நுழைய சின்னச் சக்கரம், வியர்க்காத கண்ணாடி. சோதனைக்கு மண்டபத்தூர் மீனவர் மணிவேலிடமிருந்து ஒரு ஆள் எடைக்குச் சூரை மீன் வாங்கி இரண்டு நாள் உள்ளே கிடத்தினான். மீன் நன்றாக இருந்தது. பெட்டியைத்தான் நாலு தடவை பினாயில் விட்டுக் கழுவ வேண்டியிருந்தது.

"இந்த வாடை போவலன்னா செத்தவரு எந்திரிச்சு ஒங்கள அடிப்பாரு" என்றாள் மனைவி அந்தோணிமேரி.

வாடை போனது. அடுத்தது விளம்பரம். அச்சகத்தில் நோட்டீஸ் மாதிரிகளைக் காட்டினார்கள். 'வாடிக்கையாளர்களே, வருக வருக' சரிப்படவில்லை. 'ஒருமுறை வந்தால் மீண்டும் வருவீர்கள்' சுத்தமாகச் சரிப்படவில்லை. திறப்பு விழா வைக்கலாமென்றால், முதலில் உபயோகிப்பவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்த முடியாது. கடைசியில் பேரும் நம்பரும் மட்டும் போட்டு அடித்தான்.

இதெல்லாம் பிற்பாடு நடந்தது. அவன் செய்த பாவம் அதற்கு முன்னாலேயே, பெட்டிக்குத் தகரம் வெட்டுவதற்கு முந்தின நாளே நடந்துவிட்டது.

கோவில்பத்தில் தெட்சிணாமூர்த்தி என்று ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். எழுபது வயது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்று பேச்சு. ஒரே மகன் பிரான்சில். பிலோமின்ராஜ் இதைக் கேள்விப்பட்டதும் மனதுக்குள், 'சேச்சே' என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே அரை டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு புறப்பட்டான். ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போன பழக்கம் உண்டு, போவதில் தப்பில்லை.

கட்டிலை நிரப்பிக்கொண்டு கிடந்தார் மனிதர். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா ஒசரம் எவ்வளவு இருப்பீங்க?" பேச்சோடு பேச்சாகக் கேட்டான்.

"ஒரு மீட்டர் எம்பத்தஞ்சு" என்றார் பெருமையாக. "பட்டாளத்துல அளந்தது. வெள்ளைக்காரன் டேப்பு, பொய் சொல்லாது."

பிலோமின்ராஜ் மனதுக்குள் பத்து சென்டிமீட்டர் கூட்டினான். மறுநாள் தகரத்தை ஒரு மீட்டர் தொண்ணூற்றைந்துக்கு வெட்டினான்.

அதற்கப்புறம் புதன்கிழமைதோறும் ஆரஞ்சோடு போனான். நிலவரம் தெரிந்துகொள்ள வேண்டுமே. தெட்சிணாமூர்த்திக்கோ வேறு யாரும் வருவதில்லை. இவன் வருகிறான் என்று புதன்கிழமை ஷேவ் செய்துகொண்டார். சட்டை போட்டுக்கொண்டார். எழுந்து உட்கார்ந்து அல்ஜீரியக் கதை சொன்னார். அப்புறம் எழுந்து நின்று சொன்னார். ஆறே மாதத்தில் கைத்தடியோடு தெருமுனை வரை வந்து இவனை வழியனுப்பினார்.

"புள்ள மாதிரி வந்து பாக்குறீங்க தம்பி. நீங்க வரலன்னா இவுங்க எப்பவோ போயிருப்பாங்க" என்று அவர் மனைவி அல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிலோமின்ராஜ் அவசரமாகச் செருப்பைத் தேடினான். தன் தயாரிப்பின் முதல் வாடிக்கையாளரைத் தானே பிழைக்க வைத்துவிட்ட வியாபாரி வேறு எவனாவது இருப்பானா?

பெட்டி கடைசியில் போலகம் சுப்ராயன் வீட்டில் அரங்கேறியது. துபாயிலிருந்து மகள் வரவேண்டும். கண்ணாடி மூன்று நாளும் பளிங்காக இருந்தது. "தூங்குறமாதிரியே இருக்கு" என்று ஊரே மெச்சியது. ஆனால் சுப்ராயன் ஐந்தடி மூன்று அங்குலம். காலடியில் ஒரு அடிக்கு மேல் வெறும் இடம்.

"என்ன தம்பி, இவ்வளவு நீளமா இருக்கு?" என்றார் ஒருவர்.

"அது... ஒரு வசதிக்குத்தாங்க" என்றான்.

மகள் அந்த இடத்தில் அப்பாவின் டிரான்சிஸ்டரையும் வெற்றிலைப் பெட்டியையும் வைத்தாள். அவ்வளவுதான். அடுத்த சாவு வீட்டில் மூக்குக்கண்ணாடியும் செய்தித்தாளும் வைத்தார்கள். அதற்கடுத்த வீட்டில் சீட்டுக்கட்டு. 'பொருள் வைக்க இடம் உள்ள பெட்டி' என்று பேர் பரவி, திருநள்ளாறு தாண்டியும் ஆள் வந்தது. எத்தனை யோசித்திருக்கிறான் பாருங்கள் என்றார்கள். அவனுக்கோ ஒவ்வொரு தடவை மூடியை மூடும்போதும் அந்த வெற்றிடம்தான் கண்ணில் குத்தியது. அது உயிரோடிருக்கும் ஒருவருடைய கால் நீளும் இடம். அந்தக் காலுக்கு உரியவர் புதன்கிழமை இவனுக்காக ஷேவ் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

மாதா கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான்.

"அவரு சாவணும்னு நெனச்சியா?" என்று கேட்டார் சாமியார்.

"இல்ல சாமி. செத்தா நம்ம பெட்டிக்கு வரணும்னுதான்..."

"இதுக்கு என்னா பேரு வைக்கிறதுன்னு எனக்கே தெரியல. நீ போயி அவருகிட்டயே சொல்லிடு. அதான் ஒனக்குப் பரிகாரம்" என்றார். பிறகு, "அந்தப் பெட்டி நம்ம கோயில் பக்கவாட்டுக் கதவுல நொழையுமா?" என்றும் கேட்டார்.

அடுத்த புதன் சொல்லிவிடுவதென்று போனான். தெட்சிணாமூர்த்தி அன்று சந்தோஷமாக இருந்தார். சந்தோஷமாக இருக்கும்போது எப்படிச் சொல்வது? அதற்கடுத்த புதன் சோர்வாக இருந்தார். சோர்ந்தவரிடம் எப்படிச் சொல்வது? இப்படியே ஒரு வருஷத்துப் புதன்கிழமைகள் ஓடின. ஆரஞ்சு மட்டும் அரை டஜனிலிருந்து ஒரு டஜனாகியிருந்தது.

அப்புறம் கோவில்பத்திலேயே ஒரு சாவு. பெட்டியோடு பிலோமின்ராஜ் போயிருந்தான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு தெட்சிணாமூர்த்தியும் துக்கம் கேட்க வந்தார். பெட்டியை அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. சுற்றி வந்தார். கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். "அட, வேர்க்கல!" என்றார், இவன் தோளில் தட்டி. காலடியில் வைத்திருந்த மூக்குப்பொடி டப்பாவைப் பார்த்தார்.

"நீளம் எவ்வளவு பிலோமின்?"

எல்லாரும் கேட்கும் கேள்வி. 'ஆறரை அடிக்குக் கொஞ்சம் கொறச்சல்' என்று எல்லாரிடமும் சொல்லும் பதில். ஆனால் அந்த மனிதரிடம் இரண்டு வருஷமாக மீட்டரில் பேசிப் பழகிய நாக்கு.

"ஒரு மீட்டர் தொண்ணூத்தஞ்சுங்க."

அவர் உதடு லேசாக அசைந்தது. தன்னுடைய எண்பத்தைந்தைக் கழிக்கிறார் என்று இவனுக்குத் தெரிந்தது. அவர் முகத்தில் கோபம் வரவில்லை. தோளில் இருந்த கை மட்டும் எடுபட்டது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்து போய்விட்டார்.

அடுத்த புதன் அல்லி கதவை முழுசாகத் திறக்கவில்லை. "தூங்குறாங்க தம்பி" என்றாள். உள்ளே இருமல் கேட்டது. அதற்கடுத்த புதனும் தூங்கினார். அதற்கடுத்ததும். முகத்தில் மறுபடி தாடி வளர்ந்திருக்கிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தெருவில் சொன்னார்கள். பிலோமின்ராஜ் அன்று கடையைத் திறக்கவில்லை. முதலில் பிழைக்க வைத்தோம், இப்போது நாமே கொல்கிறோமா?

"கூடையத் தூக்கிக்கிட்டுப் போயி வாசல்ல நிக்கிறதுக்குப் பேரு மன்னிப்பா?" என்றாள் அந்தோணிமேரி. "வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

நான்காவது புதன் வெறுங்கையோடு போனான். அல்லி கதவுக்கு வருவதற்குள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"ஐயா, நான் மொத தடவ வந்தது ஒங்கள அளக்கத்தாங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அது தெரியும். ரெண்டாம் தடவ எதுக்கு வந்தே?"

பொய் சொல்ல வாய் எழுந்தது. அடக்கிக்கொண்டான். "ரெண்டாம் தடவயும் அதுக்குத்தாங்க."

"மூணாவது?"

"மூணாவதும்... அதுக்குத்தான்."

"எப்பலேருந்து அதுக்கு வரல?"

பிலோமின்ராஜ் யோசித்தான். அல்ஜீரியக் கதைக்கு முன்னாலா, பின்னாலா? அவர் எழுந்து நின்ற அன்றா? நாள் பிடிபடவில்லை. "தெரியலைங்க" என்றான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நெசமா தெரியலைங்க."

கட்டில் கிறீச்சிட்டது. ஜன்னலில் முகம் வந்தது. நரைத்த தாடி, குழிந்த கன்னம். இவன் கண் தன்னையறியாமல் அந்த முகத்திலிருந்து கீழே, கால்வரை அளக்க இறங்கப் போனது. பிடித்து நிறுத்தினான்.

"ஆரஞ்சு எங்க?"

"இன்னிக்கு... வெறுங்கையோட வந்துட்டேங்க."

"வெறுங்கையோட வர்ற ஆளு சன்னல்லதான் நிக்கணும். போயி வாங்கிட்டு வா. நான் அதுக்குள்ள ஷேவ் பண்ணிக்கிறேன்."

முத்து முகம்மதுவின் பழவண்டிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு டஜன் குடுங்க பாய்" என்றான். முத்து முகம்மது நிமிர்ந்தார். ஐந்தடி எட்டரை, தோள் கொஞ்சம் அகலம்.

அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். பெட்டிக்கு வேலையே இல்லை. இருந்தும் கண் அளந்துவிட்டது. பிலோமின்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு, அவசர அவசரமாக ஆரஞ்சை மட்டும் பார்க்க ஆரம்பித்தான்.