எண்ணூர் வரை பூங்கா பார்க்கக் கிளம்பி, திருவொற்றியூரில் பூட்டப்பட்ட ஞாயிறு

அண்ணா நகரில் வீடு வாங்கியதிலிருந்து என் மச்சினன் காற்றைப் பற்றியே பேசுகிறான். காணும் பொங்கலன்று காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், நான்காவது வடைக்குக் கை நீட்டிக்கொண்டே, "உங்க பக்கம் வாக்கிங் போக ஒரு இடமாவது இருக்கா மாமா? கன்டெய்னர் லாரிக்கு நடுவுலதான் நடக்கணும்" என்றான். வாக்கிங்கே போகாதவனுக்கு வரக்கூடாத அளவு கோபம் எனக்கு வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பத்துப் பூங்காவாவது இருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். "நீங்க எத்தனைக்குப் போயிருக்கீங்க?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. என் மனைவி சுகுணா. தம்பி வீட்டில் இருக்கும் நாட்களில் அவள் எனக்கு மனைவி கிடையாது.

உண்மையைச் சொன்னால் ஒன்றுக்கும் போனதில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பூங்கா இருக்கிறது. அதன் சுவர் எனக்கு நன்றாகத் தெரியும், ஸ்கூட்டரை அதன் ஓரத்தில்தான் நிறுத்துவேன். சர்க்கரைக்கு டாக்டர் தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லி இரண்டு வருடமாகிறது. நானும் நடக்கிறேன், சோபாவிலிருந்து ஃபிரிட்ஜ் வரை.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் தொடங்கி வடக்கு நோக்கி எண்ணூர் வரை போவது, வழியில் உள்ள பூங்காக்களைப் பார்ப்பது, குடும்ப வாட்ஸப் குழுவில் படம் போடுவது என்று முடிவானது. இதற்காக வெள்ளையில் ஒரு புது டி-சர்ட் வாங்கினேன். கிளம்புகிறவர்கள் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: நான் பார்த்த பூங்காக்கள் காலை ஐந்து முதல் பத்து வரை, மாலை நான்கு முதல் எட்டு வரைதான் திறந்திருக்கின்றன. நடுவில் பூட்டு. எல்லா வாசலிலும் பலகையில் எழுதியிருக்கிறது. நானும் படித்தேன்.

காலை 5.50க்கு நெடுஞ்சாலையில் ஷேர் ஆட்டோ. ராயபுரத்துக்கு இருபது ரூபாய், இருபது நிமிடம். அங்குள்ள பழைய பெரிய பூங்காவில் நுழையும்போது அப்போதுதான் விடியத் தொடங்கியிருந்தது. பெரிய மரங்கள், சுற்றிவர நடைபாதை, ஓரமாக உடற்பயிற்சிக் கருவிகள். ஞாயிறு என்பதால் பாதிப் பேர் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு நேராக நடக்க வந்திருந்தார்கள். வஞ்சிரமும் சங்கராவும் உள்ள பைகள் கருவிகளின் கம்பியில் வரிசையாகத் தொங்கின. கீழே ஆறு பூனைகள். நடக்கிறவர்கள் ஒரு சுற்று முடிந்ததும் தங்கள் பையை எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனார்கள். பைக்குப் பயந்தே எல்லோரும் வேகமாக நடந்தார்கள். டாக்டர்கள் இதை யோசிக்க வேண்டும்.

நான் இரண்டு சுற்று நடந்தேன். மூன்றாவது சுற்றை பெஞ்சில் உட்கார்ந்து பார்வையிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, எதிரே நடக்கும் ஒவ்வொருவரையும் பற்றிக் கேட்காமலேயே சொல்லிக்கொண்டிருந்தார். பச்சைச் சட்டைக்காரர் மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாததால்தான் எட்டு மணிவரை இங்கேயே சுற்றுகிறாராம். இப்படி ஒரு வசதி இருப்பது தெரிந்திருந்தால் நான் எப்போதோ வாக்கிங் தொடங்கியிருப்பேன்.

ராயபுரம் ஸ்டேஷனில் 7.40க்கு மின்சார ரயில், திருவொற்றியூருக்கு ஐந்து ரூபாய். இறங்கி, வடகறியோடு மூன்று இட்லி, நாற்பத்தைந்து ரூபாய். அங்கே குடியிருப்புக்கு நடுவே ஒரு சின்னப் பூங்கா. ஷட்டில் ஆடும் தம்பதிகள், சறுக்குமரத்தில் சண்டை போடும் பிள்ளைகள். படம் எடுத்துக் குழுவில் போட்டேன். மச்சினன் கட்டைவிரல் போட்டான். அதில் மரியாதை குறைவாக இருந்ததாக எனக்குப் பட்டது.

மூன்றாவது பூங்கா அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், கடற்கரைச் சாலைப் பக்கம். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன், காவலாளி பாவம். 9.20க்குப் போய்ச் சேர்ந்தேன். வெளியே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் கண்ணுக்கு எட்டியவரை வரிசையில் நின்றன. உள்ளே கால்வாசிக் கூட்டம்கூட இல்லை. வேப்ப மரங்கள், ஒரு குழாய், புல்-அப்ஸ் எடுக்க ஒரு கம்பி. கம்பியில் ஒருவர் தொங்கி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், கைலியை மடித்துக் கட்டியிருந்தார், தோளில் சிவப்புத் துண்டு.

"இன்னா நைனா, புதுச் சட்டையா? கசங்காம வாக்கிங் போறியே" என்றார்.

அப்படித்தான் துரை அறிமுகம். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு. வெளியே நிற்கும் வரிசையில் அவருடைய டிரெய்லர் ஒன்று. நேற்று மாலை ஆறு மணிக்கு வரிசையில் சேர்ந்தவர் இன்னும் துறைமுக வாசலைப் பார்க்கவில்லை. குழாயில் முகம் கழுவ உள்ளே வந்தாராம். இன்று மதியத்துக்குள் துறைமுகத்தில் பெட்டியை இறக்கிவிட்டால் மாலை ஐந்து மணிக்கு வீட்டுப் பக்கம் இருக்கலாம். அவர் மகள் யசோதராவுக்கு, ஹவுசிங் போர்டு பூங்காவின் தகரக் கொட்டகையில் கேரம் இறுதி ஆட்டம். இரண்டு வருடமாக அவள் ஆடுகிறாள். துரை ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை, ஒவ்வொரு தடவையும் இதே வரிசை. போன தடவை கப்பைக் கொண்டுவந்து காட்டியபோது, "நீ பாக்காதது எனக்கு ஜெயிச்ச மாதிரியே இல்லப்பா" என்றிருக்கிறாள். சொல்லிவிட்டு துரை மறுபடியும் கம்பியில் தொங்கினார்.

முகம் கழுவிவிட்டு அவர் போயிருக்க வேண்டும். நான் விடவில்லை. ராயபுரத்துப் பூனைகளைச் சொன்னேன். பச்சைச் சட்டைக்காரரின் மருமகளைச் சொன்னேன். மச்சினனைத் தொடங்கினேன், அது லேசில் முடிகிற விஷயமில்லை. நடுவில் ஒரு விசில் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

வேறு ஊர்க்காரர் என்றால் திரும்பிப் பார்த்திருப்பார். எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தொழிற்சாலை சங்கு, ரயில் ஊதல், கப்பல் ஹாரன், லாரி ரிவர்ஸ் எடுக்கும் பீப் பீப். எதற்காவது திரும்பிப் பார்க்க ஆரம்பித்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். நான் மச்சினனின் வாட்டர் ஃபில்டர் வரை வந்திருந்தேன். துரையும் சிரித்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்குக் காவலாளி விசில் அடித்து, பதில் இல்லாததால் யாரும் இல்லை என்று எண்ணி, பூட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் மரத்துக்குப் பின்னால் இருந்தோம்.

துரைதான் முதலில் பேச்சை நிறுத்தினார். சுவருக்கு வெளியே, தூரத்தில், புஸ் என்று ஒரு சத்தம். பிறகு கொஞ்சம் கிட்டத்தில் இன்னொரு புஸ்.

"பிரேக் எடுக்கறானுங்க. லைன் நகருது நைனா."

வாசலுக்கு ஓடினோம். அவர் ஓடினார், நான் பின்னால் வந்தேன். பூட்டு. பலகையில் ஒரு போன் நம்பர் இருந்தது, கடைசி நான்கு எண்களைத் துரு தின்றிருந்தது. கத்திப் பார்த்தோம். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்ட பெண் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வரிசையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வண்டியை விட்டு இறங்குகிறவர் சாவியைப் பின்வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவார். வரிசை நகர்ந்தால் அவர் இரண்டையும் மாற்றி மாற்றி நகர்த்துவார். துரை இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு சாவிய வெச்சிக்கினே வந்துட்டேன்." ஓட்டுநர் இல்லாத வண்டியை எல்லோரும் சுற்றிக்கொண்டு போய்விட்டால் வரிசையின் கடைசிக்குத்தான் போக வேண்டும். கடைசி என்றால் நாளைக் காலை. அதற்குள் ஹாரன் சத்தம் தொடங்கிவிட்டது. ஒன்று, ஐந்து, பத்து.

பேச்சில் பிடித்து வைத்தவன் நான். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுவர் ஆளுயரம், அதன்மேல் ஈட்டி முனைக் கம்பி வேலி. பிடித்து ஏற ஒன்றுமில்லை. என் உடம்பில் உபயோகமான பாகம் எது என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். சுவரோரம் போய்க் குந்தினேன். "ஏறு" என்றேன்.

துரை என் முழங்காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "தாங்குவியா?"

"நீ ஏறுப்பா."

குழாயடிச் சேற்றுக் காலோடு என் இரண்டு தோளிலும் ஏறி நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்த அந்த அரை நிமிடத்தில், இரண்டு வருடமாகத் தவிர்த்த வாக்கிங் முழுவதும் முடிந்தது. "ஆடாத நைனா, பேஜாரு பண்ணாத" என்று மேலிருந்து குரல். துண்டை நாலாக மடித்து ஈட்டி முனையில் போட்டார், தோளில் ஒரு உதை, பாரம் போய்விட்டது. அந்தப் பக்கம் தொப்பென்று சத்தம்.

"நீ எப்டி வருவ?" என்றார் சுவருக்கு அப்பாலிருந்து.

"நீ போ."

கால்கள் ஓடின. ஹாரன் இன்னும் உச்சத்துக்குப் போனது. பிறகு ஒரு இன்ஜின் உறுமி, எல்லா ஹாரனும் ஒன்றாக அடங்கியது. நகர்ந்தது அவர் வண்டியா, அவரைச் சுற்றிக்கொண்டு போனவர்களா, எனக்குத் தெரியவில்லை.

மணி 10.20. திறக்க இன்னும் ஐந்து மணி நாற்பது நிமிடம். வீட்டுக்குப் போன் செய்யலாம். செய்தால் ஐந்து நிமிடத்தில் அண்ணா நகருக்குத் தெரியும். வேண்டாம் என்று மரத்தடிக்கு வந்தேன். குழாய்த் தண்ணீர், பையில் இரண்டு மேரி பிஸ்கட் பாக்கெட். மதியம் கடற்காற்று வந்தது, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மீன், கொஞ்சம் எண்ணெய். வேப்ப இலைகள் விழும் சத்தம் கேட்டது. என் காதுக்கும் அப்படி ஒரு சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு அணில் பிஸ்கட்டில் பங்கு கேட்டது, கொடுத்தேன். ஒரு மணிக்கு சுகுணா கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"பார்க்குலதான்."

"இன்னுமா?" என்றவள் குரலில் இருபத்து மூன்று வருடத்தில் கேட்காத ஒரு மதிப்பு இருந்தது. பொய் ஏதும் சொல்லவில்லை என்பதால் நிம்மதியாகத் தூங்கினேன்.

3.55க்குக் காவலாளி வந்து திறந்தார். உள்ளேயிருந்து வெளியே போகும் முதல் ஆளைப் பார்த்து அவர் வாயைத் திறப்பதற்குள், வேலிக் கம்பியில் தொங்கிய சிவப்புத் துண்டைக் குச்சியால் தள்ளி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எண்ணூர் இடது பக்கம். நான் வலது பக்கம் திரும்பினேன். துண்டைக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெட்ரோவில் வண்ணாரப்பேட்டை, அங்கிருந்து ஷேர் ஆட்டோ, புளியந்தோப்பில் இறங்கும்போது 5.05.

தகரக் கொட்டகையைச் சுற்றி அறுபது பேர். நடுவில் பலகை, மேலே தொங்கும் விளக்கு, கேரம் பவுடர் வாசனை. துரையைத் தேடினேன், இல்லை. யசோதராவைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. ஒவ்வொரு காய் போட்டதும் வாசலைப் பார்க்கும் பெண் அவள் ஒருத்திதான். எதிரே ஆடியவர் என் வயதுக்காரர், துறைமுகத்தில் கிளார்க். முதல் ஆட்டத்தில் அவரை உட்காரவைத்து அடித்தாள். இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தவள் என் தோளையே பார்த்தாள்.

"நீங்கதான அந்த ஏணி அங்கிள்? வெள்ளைச் சட்டையில அவரு கால் தடம் இருக்கும்னு அப்பா போன்ல சொன்னாரு."

வண்டி தப்பித்ததா என்று கேட்டேன். பின்வண்டிக்காரர் இருபது வண்டி ஹாரனையும் அதைவிட மோசமான வார்த்தைகளையும் வாங்கிக்கொண்டு, துரை வரும்வரை அசையாமல் நின்றிருக்கிறார். பெட்டி இறக்கியாகிவிட்டது, அப்பா வந்துகொண்டிருக்கிறார் என்றாள். எனக்கு அப்போதுதான் முழங்கால் வலிக்கத் தொடங்கியது.

5.40க்குக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு துரை வந்தார். இரண்டாவது ஆட்டம் கிளார்க்குக்குப் போயிருந்தது. இது மூன்றாவது, சிவப்புக் காய் இன்னும் பலகையில் இருந்தது. யசோதரா அவரைப் பார்த்தாள். சிவப்பை அழகாகப் போட்டாள். அடுத்து வெள்ளையைப் போட்டு அதை உறுதி செய்ய வேண்டும், குழிக்கு வாயிலேயே கிடந்த காய், நான்கூடப் போட்டிருப்பேன். அப்பாவைப் பார்த்துக்கொண்டே அடித்துத் தவறவிட்டாள். கிளார்க் விடவில்லை, முடித்துவிட்டார்.

"நீ வந்து நின்ன, என் கை போச்சு" என்று அப்பாவின் முதுகில் குத்தினாள்.

"தோத்தா இன்னா, பாத்துட்டேன்ல" என்றார் துரை. துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார், வெகு நேரம் துடைத்தார்.

போக நினைப்பவர்களுக்கு: மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள். தண்ணீரும் பிஸ்கட்டும் அவசியம். எண்ணூரையும் சேர்க்க வேண்டுமானால் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் பேச்சுத்துணை கிடைத்தால் முதலில் அவர் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். பத்தில் நான் பார்த்தது மூன்று, புளியந்தோப்பைச் சேர்த்தால் நான்கு. மச்சினன் கேட்டான், ஒன்றிலேயே ஆறரை மணி நேரம் இருந்தேன் என்றேன், அடங்கிவிட்டான்.

சட்டையை சுகுணா இரண்டு முறை ஊறவைத்துத் துவைத்தாள். இடது தோள் வெளுத்துவிட்டது. வலது தோளில் ஐந்து விரலும் தெளிவாக இருக்கின்றன, சேற்றோடு கிரீஸும் இருந்திருக்கும். இப்போது தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் இரண்டு தெரு தள்ளியுள்ள பூங்காவுக்குப் போகிறேன். விசில் கேட்டதும் முதல் ஆளாக வெளியே வந்து, உள்ளே வேறு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்க்கிறேன்.