எண்பது டெசிபலும் மீன்கார அண்ணன் ஹாரனும்

சுங்குவார்சத்திரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறைக்குக் கீழேதான் வீட்டுக்கார அக்கா இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். ஒரே மகளை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மகள் ஆட்டோவில் அலறியடித்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

"எத்தினி வாட்டிம்மா போன் பண்றது? இன்னாச்சோ ஏதாச்சோன்னு ஓடியாறேன். நீ இன்னான்னா பூண்டு உரிச்சிகினு கீற!"

அக்கா பக்கத்தில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தார். "அடிக்கவே இல்லியேமா."

மகள் அங்கேயே நின்று தன் போனிலிருந்து கூப்பிட்டாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்குக்கூடக் கேட்டது. அக்கா மட்டும், "இப்ப அடிக்குதா?" என்றார்.

எனக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. மெஷின்களின் சத்தத்தை அளந்து, எங்கெல்லாம் காதை மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டும் என்று சொல்லுவேன். சும்மா இருக்க முடியவில்லை. கீழே இறங்கிப் போய், என் போனில் சத்தம் அளக்கும் ஆப்பைத் திறந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் அக்காவின் ரிங்டோன் எண்பது டெசிபல் காட்டியது.

"எக்கா, போன் நல்லாத்தான் கத்துது. காதைத்தான் டாக்டர்ட்ட காட்டணும்."

"என் காதுக்கு இன்னா? மீன்காரரு தெருமுனைல திரும்பறப்பவே எனக்குத்தான் மொதல்ல கேக்கும்!"

அது உண்மைதான். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. அந்த ரிங்டோன் குருவி கத்துவது போலக் கீச்சுக் குரலில் இருந்தது. மீன்கார அண்ணன் மொபெட்டில் கட்டியிருக்கும் ரப்பர் ஹாரனோ தடித்த குரல். வயதாக ஆகப் பலருக்கு முதலில் கேட்காமல் போவது கீச்சு ஒலிகள்தான்.

அன்று மீன்கார அண்ணன் வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. பதிவு செய்யச் சொல்லி, ஹாரனை ஆசை தீர அமுக்கினார். அதையே ரிங்டோனாக வைத்தோம். அளந்தால் முன்பைவிடக் குறைவாகத்தான் இருந்தது, எழுபதைக் கொஞ்சம் தாண்டியது. ஆனால் மகள் கூப்பிட்டதும் கொல்லைப்புறத்திலிருந்த அக்கா எழுந்து ஓடினார். போனை நோக்கி அல்ல, கிண்ணத்தோடு வாசலுக்கு! நானும் மகளும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

அந்த வாரம் முழுக்கத் தெருவே ஏமாந்தது. அக்காவுக்கு போன் வரும்போதெல்லாம் எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் பாத்திரத்தோடு வெளியே வந்து நின்றார்கள். கடைசியில் மீன்கார அண்ணனே வந்து கும்பிட்டார்.

"யக்கா, நெசமா நான் வந்து அடிச்சாலும் உன் போனுன்னு நெனச்சிகினு ஒருத்தரும் வெளிய வர்றதில்ல. என் பொழப்ப வுட்ரு யக்கா."

அடுத்து மகள்தான் யோசனை சொன்னாள். அவள் கணவருக்கு உறுமுவது போன்ற குரல். அவரைப் பேசவைத்துப் பதிவு செய்து அனுப்பினாள். "அத்தே... போன எடுங்க அத்தே!"

மகள் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டரும் பரிசோதித்துவிட்டு, கீச்சு ஒலிகள்தான் கேட்பதில்லை, மற்றபடி பயமில்லை என்று சொல்லிவிட்டார். இப்போது அக்கா ஒரு அழைப்பையும் விடுவதில்லை. மருமகன் குரல் கேட்டதும் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "இதோ வந்துட்டேன் மாப்ள!" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் போனை எடுக்கிறார். கூப்பிடுவது கேஸ் கம்பெனியாக இருந்தாலும்.