கிணற்று வாசலில் ஒரு செக்யூரிட்டி

கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் பச்சியப்பன் கோடு போடுவார். கடப்பாரை கிடைத்தால் கடப்பாரையால், கிடைக்காவிட்டால் செருப்பின் குதிகாலால், கிணற்று மேட்டைச் சுற்றிப் பத்தடி தள்ளி ஒரே இழுப்பாக ஒரு வட்டம். உள்ளே ஆடு கத்திக்கொண்டிருந்தாலும் சரி, ஆள் கத்திக்கொண்டிருந்தாலும் சரி, வட்டம் முடியாமல் அடுத்த வேலை கிடையாது. முடித்ததும் நிமிர்ந்து இரண்டு கைகளையும் அகல விரிப்பார். "கொஞ்சம் நில்லுங்க. கோட்டுக்கு அந்தப் பக்கமா நில்லுங்க. உள்ள வர்றவங்க பேரு எழுதணும்" என்பார். பேச்சில் மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. மனுஷர் மட்டும் இம்மியும் நகரமாட்டார்.

பேர் எழுதுவதற்கு ஒரு தடித்த நோட்டு வைத்திருக்கிறார். பெயர், ஊர், என்ன வேலை, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கையெழுத்து என்று கட்டம் போட்ட நோட்டு. பெங்களூரில் அடுக்குமாடி வாசல்களில் நம் கையில் நீட்டுவார்களே, அதேதான். நான் அவரை முதலில் பார்க்கப் போனது கடத்தூருக்கு மேற்கே ஒரு தோட்டத்தில். கிணற்றில் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தார். என்னையும் நிறுத்தினார்.

"என்ன வேலையா வந்தீங்க?"

"சும்மாதான், உங்களைப் பார்க்கலாம்னு."

"சும்மான்னு எழுத முடியாதுங்க. வேலை இருந்தா சொல்லுங்க. இல்லாட்டி அந்தப் புங்க மரத்தடில நில்லுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் புங்க மரத்தடியில்தான் நின்றேன்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. ஒல்லி, நெட்டை, அளவெடுத்துக் கத்தரித்த மீசை. வெளுத்த நீலச் சட்டையின் பையில் பழைய கம்பெனியின் வில்லையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் இன்னும் கருநீலமாக இருக்கிறது. கைக்கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டுவார். டீக்கடையில் உட்காரவே மாட்டார். வாசலோரம் நின்று, வருகிறவர் போகிறவருக்கு வழி விலக்கிவிட்டபடி குடிப்பார். தெருவில் குறுக்கே ஓடும் வெள்ளாட்டிடம்கூட "கொஞ்சம் நில்லு கண்ணு" என்று அவர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அவர் மனைவி பானுமதி பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமையல் உதவியாளர். கணவரைப் பற்றிக் கேட்டால் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொல்வார்: "இவரு பெங்களூரு கேட்ட வுட்டுட்டு வரலீங்க. கேட்டையே தூக்கியாந்துட்டாரு."

பச்சியப்பனின் பிழைப்பு, கிணற்று மோட்டாரை ஏற்றி இறக்குவது. ஆனால் சுற்றுப்பக்கம் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஆளோ மாடோ கிணற்றில் விழுந்தால் இவருக்குத்தான் போன் வரும். இவர் முதலில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்வார், அப்புறம் மொபெட்டைக் கிளப்புவார். "அவங்கதாங்க மொத. அவங்க வந்து சேர்ற வரைக்கும் நானு."

பதினோரு வருடம் பெங்களூரில் ஒரு குடியிருப்பின் கேட்டில் நின்றவர். அதை விட்டு ஏன் வந்தார் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டார். மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார், அதுவும் என் முகத்தைப் பார்க்காமல்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு தைமாதம், பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தார். அந்த வருடம் மழை பொய்த்துக் கிணறுகளில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. மேலே இருந்து இழுக்காது என்று ஆயில் இன்ஜினையே கயிறு கட்டி உள்ளே இறக்கி, பாதி ஆழத்தில் உள்ள பாறைத் திட்டில் வைத்து ஓட்டினார்கள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் வற்றினால் செய்கிற காரியம்தான். காலையெல்லாம் ஓடிய இன்ஜின் நின்றுபோனது. பார்க்க இறங்கிய கூலியாள் திட்டிலேயே சாய்ந்துவிட்டார். அவரைத் தூக்கிவரப் பச்சியப்பனின் பெரியப்பா மகன் வீரமணி வேட்டியை மடித்துக் கட்டினார். காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்க யாரோ விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கினார்கள். விளக்கு நன்றாக எரிந்தது.

"வீரமணி என் மூஞ்சியப் பாத்தான். நானும் எட்டிப் பாத்தேன். ‘எரியுதுடா, போ’ன்னு நாந்தாங்க சொன்னேன். மணி பத்து இருவது. இருவது எண்றதுக்குள்ள அவனும் சாஞ்சுட்டான்."

இரண்டு பேரும் பிணமாகத்தான் மேலே வந்தார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் அன்றைக்குச் சொன்னாராம்: காற்று அடியோடு கெட்டால்தான் விளக்கு அணையும். இன்ஜின் புகையில் இருக்கிற விஷத்துக்கு விளக்கு அணையாது, ஆள்தான் விழுவான்.

"பதினோரு வருசம் கேட்டுல நின்னேன். கூரியர்காரன், கேஸ்காரன், பால்காரன், முன்னபின்ன தெரியாதவன எல்லாம் நிறுத்தினேன். எங்க வீரமணிய நிறுத்தலீங்க."

கருமாதி முடிந்து பெங்களூர் திரும்பினார். ஒரு மத்தியானம், கேட்டில் யாரும் வராத நேரம், கை தானாக நோட்டில் எழுதியது: வீரமணி. என்ன வேலை: ஆளைத் தூக்க. உள்ளே: 10.20. வெளியே என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. சூப்பர்வைசர் பார்ப்பதற்குள் தாளைக் கிழித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. தினமும் டியூட்டி முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வார். "இன்னிக்கு நான் நிறுத்தினவங்கள, நிறுத்தாம வுட்டிருந்தா யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருக்குமா? அம்புட்டுதாங்க கேள்வி. நாலு மாசம் கேட்டேன். ஒரு நாளும் ‘ஆமா’ன்னு வரல. எனக்குத் தெரிஞ்சது ஆள நிறுத்தற வேலை ஒண்ணுதான். வேலை தப்பில்ல, நிக்கற எடந்தான் தப்புன்னு பட்டுச்சு." ஐந்தாவது மாதம் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். சட்டை ஒன்று மட்டும் கையோடு வந்துவிட்டது. புது நோட்டு வாங்கி, கிழித்த தாளை அதன் முதல் பக்கத்தில் ஒட்டினார். பானுமதி ஒரு மாதம் பேசவில்லையாம். என்னிடம் அதைச் சொன்னபோதும் அந்தம்மாவுக்கு ஆத்திரம் அடங்கியிருக்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் போன் வந்தா எங்க வூட்டுல அடுப்பு அணைஞ்சிரும்ங்க. இவரு திரும்பி வந்தப்புறந்தான் பத்த வெப்பேன்."

அப்படி ஒரு போன் வந்ததை நான் பார்த்தது சென்ற சித்திரையில். கடத்தூர் டீக்கடை வாசலில் நின்றிருந்தோம். காதில் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்ஜின் உள்ள இருக்குதா?" அடுத்தது கேள்வி இல்லை, உத்தரவு: "யாரும் எறங்காதீங்க. கயித்தையெல்லாம் எடுத்து ஒளிச்சு வைங்க." தீயணைப்புக்குச் சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார். கிணற்றுக்குள் காற்றை ஊதித் தள்ளும் ப்ளோயரும் குழாயும் முன்னால், கார் பேட்டரி என் மடியில்.

நாற்பதடி ஆழத்தில், திட்டின் மேல், நின்றுபோன இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தவன் மாதேஷ். இருபத்தாறு வயது. மேலே அவன் தம்பி முருகேஷ் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டிருந்தான். தாய் சாலம்மாள் மண்ணில் புரண்டுகொண்டிருந்தார். யாரோ அதற்குள் விளக்கை இறக்கியிருந்தார்கள். ஆடாமல் அசையாமல் எரிந்தது.

பச்சியப்பன் கோடு போட்டார்.

"யோவ், ஆளு செத்துக்கிட்டிருக்கறான், கோலமா போடறே?" என்று ஒருவர் சீறினார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வட்டத்தை முடித்தார், கையை விரித்தார். "கொஞ்சம் நில்லுங்க." ப்ளோயரை ஓடவிட்டு, குழாயை இறக்கி, அதன் வாய் மாதேஷின் முகத்துக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி கட்டினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

"இப்ப உங்களுக்கு வேலை இருக்குதுங்க. உள்ள வாங்க. பத்து நிமிசம். ஒவ்வொரு நிமிசமாச் சத்தமாச் சொல்லுங்க." நோட்டில் என் பெயரை எழுதி, என்ன வேலை என்ற இடத்தில் ‘நேரம் சொல்ல’ என்று எழுதினார். மணி 11.30.

ஒன்று என்றேன். இரண்டு என்றேன்.

"வெளக்கு எரியுதேடா பாவி!" சாலம்மாள் மார்பில் அடித்துக்கொண்டார். "காத்து நல்லா இருக்குதே! எம்புள்ளயச் சாக வுடறியே, நீ வெளங்குவியா?"

"எரியட்டுங்கம்மா."

நான்காவது நிமிடம் முருகேஷ் பாய்ந்தான். பச்சியப்பன் குறுக்கே விழுந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். இருவரும் கோட்டின் மேலேயே உருண்டார்கள். முருகேஷ் அவர் முன்கையில் பல் பதியக் கடித்தான். அவர் விடவில்லை. "கடி. நல்லாக் கடி. உள்ள மட்டும் வுடமாட்டேன்."

ஆறு. என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். அடுத்து ஏழு என்பதற்குப் பதில் ஒன்பது என்று சொல்லிவிட்டால் என்ன என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது? அவர் முருகேஷைப் பிடித்தபடியே என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏழு என்றேன்.

எட்டாவது நிமிடம் கூட்டம் ஓவென்று கத்தியது. "கை அசையுது! டேய், கை அசையுதுடா!"  உயிர் இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, இந்த மனுஷர் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறார்! அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னது: "கொஞ்சம் நில்லு சாமி. கொஞ்சம் நில்லு."

பத்து என்று நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். நோட்டில் தன் பெயரை எழுதினார். என்ன வேலை: ஆளைத் தூக்க. உள்ளே: 11.41. இடுப்பில் கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையை முருகேஷின் கையிலும் இன்னும் மூன்று பேர் கையிலும் கொடுத்தார். "இதப் புடி. நீ வுட்டா உங்கண்ணனும் வரமாட்டான், நானும் வரமாட்டேன்." இரண்டாவது கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். ப்ளோயர் ஓடிக்கொண்டே இருந்தது.  முருகேஷ் கயிற்றைப் பிடித்தது பிடித்தபடி நின்றான். கோட்டைப் பற்றிய நினைப்பே அவனுக்கு இல்லை.

இரண்டாவது கயிறு இரண்டு முறை ஆடியது. இழுத்தார்கள். மாதேஷின் தலை கிணற்று விளிம்பில் தெரிந்தபோது தீயணைப்பு வண்டி தோட்டத்துக்குள் திரும்பியது. அவர்கள் வைத்த ஆக்சிஜனில் இருமினான், வாந்தி எடுத்தான், "ஆத்தா" என்றான். ஆம்புலன்ஸில் வந்தவர் நாடி பார்த்து, "பொழச்சுக்குவாருங்க" என்றார். அப்படியே நான்காம் நாள் தருமபுரி ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வெளியே வந்தான். சாலம்மாள் மகனோடு ஆம்புலன்ஸில் ஏறும்போதுகூடப் பச்சியப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கடைசியாக மேலே வந்தவர், மனைவிக்கு போன் செய்து ஒரே வார்த்தை சொன்னார்: "பத்த வெய்."

கூட்டம் கலைந்தது. தருமபுரிக்குப் போக பைக் கொண்டுவருவதாக யாரோ சொல்லிப் போயிருந்தார்கள். முருகேஷ் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருந்தான். பச்சியப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்து நோட்டை மடியில் விரித்தார். கடிபட்ட கையாலேயே பேனாவைத் திறந்தார்.

"உங்கண்ணன் எத்தன மணிக்கு எறங்கினான்?"

"பத்தே முக்கால் இருக்கும்ண்ணா."

மாதேஷ். உள்ளே 10.45. வெளியே 11.49. தன் பெயருக்கு நேரே வெளியே 11.53. என் பெயருக்கும் நேரம் போட்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார். அதன் கீழே புது வரியில் ‘முருகேஷ்’ என்று எழுதி, உள்ளே என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்து, பேனாவை அவனிடம் நீட்டினார். அவன் வாங்காமல் நோட்டையே பார்த்தான்.

"நாந்தான் உள்ள போவலியேண்ணா. எம்பேரு எதுக்கு?"

 பச்சியப்பன் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். முருகேஷின் சுட்டுவிரலைப் பிடித்து, வீரமணி என்ற பெயருக்கு நேரே, வெளியே வந்த நேரம் எழுதாமல் விட்ட கட்டத்தின் மேல் வைத்தார்.