ஹீற்றர் வராத கார்

அந்த மார்கழியில் எங்கள் காரில் ஹீற்றரைப் போட்டால் குளிர்காற்றுத்தான் வந்தது. மொன்ட்ரியால்-நோரில் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கும்வரை, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அடியைவிட்டு அசையாது. பின்சீற்றில் தங்கச்சி இருமிக்கொண்டே வருவாள்.

அப்பா சனிக்கிழமைகளில் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். எஞ்சினுக்குக் கூலன்ற் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். றேடியேற்றருக்கு முன்னால் மட்டை வைத்துக் கட்டினார். முள் மசியவில்லை. எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, பக்கத்தில் நின்று தலையைச் சொறிவார். ஊரில் வான் வண்டி ஓடியவர், எந்த எஞ்சினையும் தானே பிரித்துப் பூட்டுவார் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லித்தான், தெரிந்த ஒருவரின் கராஜில் தை மாதத்திலிருந்து அவருக்கு வேலை ஒழுங்குபண்ணியிருந்தார் அப்பா. அதுவரை மாமா உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

காருக்கு என்ன நடந்ததென்று எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் அது பெரிய தண்டனை. கோடையில், புரோசார்ட் போகும் பாலத்து நெரிசலில் கார் கொதித்துப்போக, மறுநாள் அப்பா வேலைக்குப் போனபிறகு, என் கண்முன்னாலேயே மாமா தெர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிந்துவிட்டார். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை உள்ளேயே மறித்து வைக்கும் சின்ன வால்வு அது. "ஊரிலை வெய்யிலுக்கு இதை ஒருத்தரும் விடுறேல்லை" என்றார். யாழ்ப்பாணத்துக்கு அருமையான வைத்தியந்தான்.

குளிர் வந்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. "பேந்து நானே சொல்லுறன். நீ வாய் திறவாதை, என்ன" என்றார். சொன்னால் கராஜ் வேலை போய்விடும் என்பது எனக்கும் தெரிந்திருந்தது. தங்கச்சி இருமும்போதெல்லாம் சொல் வாய்வரை வரும். மாமாவின் முகத்தைப் பார்த்தால் விழுங்கிவிடுவேன்.

ஒரு சனி காலை அப்பா காரை ஸ்டார்ட் பண்ணி, இரண்டு நிமிடத்தில் றேடியேற்றருக்குப் போகும் மேல் குழாயைத் தொட்டுப் பார்த்தார். அது அந்நேரத்தில் குளிர்ந்திருக்கவேண்டுமாம், இளஞ்சூடாக இருந்தது. எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, அந்த வால்வு இருக்கவேண்டிய இடத்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் ஓட்டை. அப்பா கொஞ்சநேரம் அதையே பார்த்தார். பிறகு பல்கனியில் நின்ற அம்மாவுக்குக் கேட்க, "வால்வு பழுதாப் போச்சு, புதுசு போடவேணும்" என்றார்.

அப்பாவுக்குக் கண்ணும் தெரியாது, காரும் தெரியாது என்று முடிவுகட்டினேன். நிம்மதியில் சிரிப்புக்கூட வந்தது.

பின்னேரம் புது வால்வை மாமாவே பூட்டினார். வேலை முடிந்தும் இருவரும் மேலே வரவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு காருக்குள் இருந்தார்கள். நான் மேலே வீட்டு யன்னலில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாதான் கதைத்தார். மாமா தன் கைகளையே பார்த்தபடி இருந்தார்.

மேலே வந்தபோது மாமாவின் கண்கள் சிவந்திருந்தன. "ஹீற்றர் வருதோ?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அக்கா. நல்லா வருது."

இவ்வளவு நேரமும் இரண்டுபேரும் சூடு காய்ந்திருக்கிறார்கள், என்னை ஒருத்தரும் கூப்பிடவில்லையே என்று, அன்று முழுக்க நான் அப்பாவோடு கதைக்கவில்லை.