மாமா வாங்கிப் போகாத ஒன்பது தட்டுகள்

பதினைந்து வயதில் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால், தகப்பனை அப்போதுதான் இழந்திருந்த என் நண்பன் மைதீன் தன் தாய்மாமாவையும் இழந்தான். அந்த மாமாவோ செய்யாத காரியத்துக்குப் பழி சுமந்தபடியே இறந்துபோனார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

புது இசைத்தட்டைக் காகித உறையிலிருந்து உருவும்போது ஒரு வாசனை வரும். புதுச் செருப்பும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற அந்த வாசனையை முதலில் நுகர்ந்தது சங்கரன்கோவிலில் ஊரின் மறுகோடியில் இருந்த மைதீன் வீட்டில்தான். அவனுடைய வாப்பா சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தார். ஊருக்கு வருகிற யாரிடமாவது ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் உள்ள "சின்னத் தட்டு" ஒன்றைக் கொடுத்தனுப்புவார். எல்லாம் ஒரே அமெரிக்கப் பாடகர் பாடியவை. என்ன பாடுகிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் குரல் உடைந்து மேலே ஏறும் இடத்தில் மைதீன் கண்ணை மூடிக்கொள்வான், நான் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு உறையின் மூலையிலும் வாப்பா தன் கையால் "மகன் மைதீனுக்கு" என்று எழுதியிருப்பார். இரண்டு வருடத்தில் ஒன்பது தட்டுகள் சேர்ந்தன. பத்தாவது வரவில்லை. வாப்பா துறைமுகத்தில் விபத்தில் இறந்துவிட்டார் என்ற தந்திதான் வந்தது.

கடையநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தாய்மாமா வந்து குடும்பத்தைப் பொறுப்பேற்றார். மைதீனைத் தானே படிக்கவைப்பதாகச் சொன்னார். கண்டிப்பானவர். பாட்டுப்பெட்டியைப் பார்த்ததும், "மௌத்தான வீட்டுல இது எதுக்கு? உங்க உம்மா இத்தா இருக்கா, மூடி வைலே" என்றார். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் துக்கம் காப்பதுதான் இத்தா. மாமா தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடுவாரோ என்று மைதீனுக்குப் பயம். ஒன்பதையும் துணிப்பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தான்.

"இத்தா முடியுத வரைக்கும் உங்க வீட்டுல இருக்கட்டும்லே. யாருட்டயும் குடுத்துராத. வாப்பா எழுத்து இருக்கு."

எங்கள் வீட்டில் பாட்டுப்பெட்டி கிடையாது. வீட்டை ஒட்டிய எங்கள் விசைத்தறிப் பட்டறையின் சத்தத்துக்கு நடுவே தினமும் தட்டுகளை எடுத்துப் பார்ப்பேன், உள்ளே பாட்டு இருந்தும் கேட்க முடியாத ஏக்கம் என்னைத் தின்றது. வைகாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் வந்தது. தெருவடைத்துப் பந்தல் போட்டு, வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டி, "ரேடியோ செட்" வைத்தார்கள். பள்ளி விடுமுறைக்கு மைதீன் கடையநல்லூரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தான். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

செட்டுக்கார அண்ணாச்சி ஒரு தட்டைக் கையில் வாங்கிப் புரட்டினார். "ஏலே, இது ரெக்கார்டா, வடையா? நடுவுல இம்புட்டுப் பெரிய ஓட்டை!"

மைதீன் வீட்டுப் பெட்டியில் அந்த ஓட்டைக்கென்றே ஒரு வில்லை உண்டு. இங்கே இல்லை. நான் பட்டறைக்குப் போய் நூல் சுற்றும் மரக்கட்டையின் முனையை அறுத்து, ஓட்டை போட்டு, தட்டின் நடுவில் செருகினேன். மையம் கொஞ்சம் விலகியிருந்தது. அமெரிக்கப் பாடகர் வேப்பமரத்தின் உச்சியிலிருந்து இழுத்து இழுத்துப் பாடினார்.

"மாப்ள வீட்டுல எவனோ காலையிலயே ஊத்திட்டுப் பாடுதான் வே!" என்று பெண் வீட்டார் ஒருவர் சொல்ல, பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என்னால் வந்தது என்ற பெருமையோடு ஒன்பதையும் போடவைத்தேன். பிறகு உறைகளோடு சேர்த்துச் செட்டுப் பெட்டியின் மேல் அடுக்கிவிட்டுப் பந்தியில் உட்காரப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது நிழல் நகர்ந்திருந்தது. வெயிலில் தட்டுகள் அப்பளம் போல நெளிந்து கிடந்தன. யாரோ மேலே வைத்த சாம்பார் வாளி சரிந்து உறைகள் ஊறிப்போயிருந்தன. வாப்பாவின் எழுத்து ஊதாக் கறையாக இருந்தது. அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் ஒரு பாழுங்கிணற்றில் போட்டேன்.

இத்தா முடிந்த மறுநாள் மைதீன் வந்து நின்றான். "தட்டைத் தாலே."

"உங்க மாமா வந்து கேட்டாவ. குடுத்துட்டேன்."

வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் அவன் சந்தேகப்பட்டிருப்பான். மாமாவைச் சொன்னதும் நம்பினான். அடுத்த ரயிலில் கடையநல்லூர் போய், கடையில் ஆட்கள் இருக்கும்போதே, "என் வாப்பா எழுத்தத் திருடிட்டிய" என்று கத்தினான். மாமா அல்லா மேல் ஆணையாக எடுக்கவில்லை என்றார். "பொய் சத்தியம் வேறயா?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தவன், அதன்பின் அந்தக் கடைப்படி ஏறவில்லை. மாமா படிக்கவைக்கிற படிப்பு வேண்டாமென்று பம்பாய்க்குப் போனான், அங்கிருந்து வளைகுடாவுக்கு.

நான் படித்தேன், வேலைக்குப் போனேன். ஓய்வுபெற்றதும் அந்த ஒன்பது தட்டுகளையும் தேடத் தொடங்கினேன். சென்னையில், பெங்களூரில், பழைய தட்டு விற்பவர்களிடம், பிறகு மகன் உதவியோடு இணையத்தில். வீட்டில் எல்லோரும் அதைக் கிழவனின் பொழுதுபோக்கு என்றார்கள். ஏழு கிடைத்தன. ஒன்பதும் சேர்ந்ததும் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சொல்லாமல் இருப்பதற்கு அந்தச் சேகரிப்பே எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் உண்மை. அப்படி இருந்த வருடங்களில்தான் மாமா இறந்தார். மைதீன் வளைகுடாவிலிருந்து அடக்கத்துக்குக்கூட வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அதன்பிறகும் மேலும் பல வருடம் தள்ளிப்போட்டேன்.

ஒன்பதாவது போன வருடம் கிடைத்தது. மைதீன் ஊர் திரும்பிக் கடையநல்லூரில் மகனோடு இருந்தான். பையைத் திறந்து பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தான். "ஏலே, கிறுக்குப் பயலே, இத எங்கன பிடிச்ச?"

நான் சொன்னேன். கல்யாணம், வெயில், கிணறு, பொய் எல்லாவற்றையும்.

அவன் கையிலிருந்த தட்டைப் பைக்குள் வைத்தான். "அப்ப மாமா எடுக்கலியா?"

"எடுக்கல."

"எனக்குச் சொல்லி என்ன செய்ய? மாமியிட்ட வந்து சொல்லு" என்று எழுந்தான்.

மாமிக்குத் தொண்ணூறு இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மைதீனின் பக்கம்தான் திரும்பினார். "அவங்க அன்னைக்கே சொன்னாங்களே, மக்கா. நீதான் கேக்கல."

வெளியே வந்ததும் மைதீன் பையை என் கையில் திணித்தான். "கொண்டு போ. இனி இங்க வராத."

ஒன்பதும் என் அலமாரியில் இருக்கின்றன. நான் அவற்றைப் போட்டுக் கேட்பதில்லை. வேப்பமரம் நின்ற இடத்தில் இப்போது செல்போன் கடை. கிணற்றை மூடி வீடு கட்டிவிட்டார்கள். நான் போன் செய்தால் மைதீன் எடுப்பதில்லை. போன மாதம் அவன் மகன் கூப்பிட்டான்.

"வாப்பா வெள்ளிக்கிழம தோறும் தொழுகை முடிஞ்சதும் அவங்க மாமாவ அடக்குன கபர்ல போய் நிக்காங்க. வெயிலு, மழ பாக்குறதில்ல. கூப்பிட்டாலும் வரமாட்டேங்காங்க. என்ன நடந்துச்சு? ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அவன் கேட்ட உடனேயே, முதலிலிருந்து சொன்னேன்.