வெல்லம் போடாத பொங்கல்

எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்கும்போதே முகத்தைச் சுளித்துக்கொள்வார்கள். "உங்க வூட்டுக்கு வர்றதுன்னா மடியில ரெண்டு பிடி சக்கரைய முடிஞ்சிக்கிட்டுத்தான் வரணும். காபின்னு சொல்லி கசாயத்தக் குடுக்கறாங்க" என்பார் என் சின்ன மாமியார். நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். நாலு பேர் முன்னால் பதில் சொல்லும் பழக்கம் எனக்குச் சிறு வயதிலிருந்தே கிடையாது. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் கையைத் தூக்க மாட்டேன். பத்தாவதோடு படிப்பும் நின்றுபோனது.

சர்க்கரை, வெல்லம், தேன், பழம் எதுவும் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நிறுத்தியது. அவன் இப்போது கல்லூரிக்குப் போகிறான், மீசை ஒதுக்கிக்கொள்கிறான். அவனுக்காக நானும் விட்டேன், என் வீட்டுக்காரரும் விட்டார், அவருடைய அக்காவும் விட்டார். அந்த அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் விட்டதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் என் மகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மகனுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இண்டூரிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் எங்கள் ஊர். அண்ணி கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனை இழந்து, பிள்ளை இல்லாமல் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவர். என் மகள் பிறந்த அன்றிலிருந்து குழந்தை என் மடியில் இருந்ததைவிட அவர் மடியில் இருந்ததுதான் அதிகம். தாய்ப்பால் மட்டும் குடித்த மாதங்களில் அவள் தொடையெல்லாம் மடிப்பு மடிப்பாகச் சதை வைத்திருந்தாள். குளிக்க வைக்கும்போது மடிப்புகளுக்குள் ஈரம் தங்காமல் அண்ணி ஒவ்வொன்றாக விரித்துத் துடைப்பார்.

மாம்பழக் காலம் வந்ததும் நான் மாங்கூழ் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். காலையில் வேன் வரும், பொழுது சாயும்போது கொண்டுவந்து விடும். பகலில் குழந்தைக்கு அண்ணி கூழ் கொடுத்தார். கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பால் எடுத்து, வெல்லம் போட்டுக் காய்ச்சுவார். எங்கள் பக்கம் எல்லாக் குழந்தையும் அதைக் குடித்துத்தான் வளர்கிறது. என் மகள் குடிக்கவில்லை. முதல் வாயிலேயே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"இனிப்புப் பத்தலை போலிருக்குது" என்று அண்ணி இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டார். "ஒரே ஒரு வாயி கண்ணு. உங்கம்மா வர்றதுக்குள்ள குடிச்சுட்டா, பாப்பா நல்ல பாப்பான்னு அம்மாகிட்டச் சொல்லுவேனாமா." இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காக்கா காட்டி, ஆட்டுக்குட்டி காட்டி ஊட்டினார். குடித்ததை வாந்தி எடுத்தாள். வேர்த்துப்போய்த் துவண்டாள். நான் வந்து பால் கொடுத்தால் தெளிவாள். பல் முளைக்கிறது என்றார்கள், தோஷம் பட்டுச் சீர் தட்டியிருக்கிறது என்றார்கள். வேப்பிலை அடித்தோம். வாழைப்பழம் மசித்துக் கொடுத்துப் பார்த்தோம். பிறகு வயிறு உப்பியது, கண் மஞ்சளானது. காமாலைக்குக் கரும்புச்சாறு நல்லது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அண்ணி வெயிலில் மெயின் ரோட்டுக்கு நடந்து போய், ஐஸ் போடாமல் பிழியச் சொல்லித் தூக்குப்போசியில் வாங்கி வருவார். சங்கில் ஊற்றிப் புகட்டினோம்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஓடியாடித்தான் பார்த்தார்கள். முதல் பிறந்தநாள் வருவதற்குள் போய்விட்டாள். எங்கள் காட்டு ஓரத்தில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் புதைத்தோம். எனக்குப் பால் நிற்கச் சில நாள் ஆனது. அந்த நாட்களில் ரவிக்கையைப் பின்பக்கம் கொண்டுபோய்த் துவைத்துப்போட்டது அண்ணிதான்.

மகன் பிறந்ததும் அதே மாதிரிதான். பால் குடிக்கிறவரை ஒன்றுமில்லை. சோற்றுக்குப் பழக்க ஆரம்பித்ததும் அதே வாந்தி, அதே வேர்வை, அதே இறுக்கி மூடிய உதடு. இந்த முறை காத்திருக்கவில்லை. சேலத்தில் காட்டினோம், அங்கிருந்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"பால் மட்டும் குடிச்சப்ப நல்லா இருந்தானா?"

தலையாட்டினேன்.

"வாயத் திறந்து சொல்லும்மா. பயப்படாதே. என்னென்ன ஊட்டின?"

சொன்னேன். கூழ், வெல்லம், பழம். இதற்கு முன்னால் குழந்தை உண்டா என்று கேட்டார். அதையும் சொன்னேன். கரும்புச்சாற்றைச் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

சோதனை எல்லாம் முடிந்து கூப்பிட்டுச் சொன்னார். பழத்தில் இருக்கிற சர்க்கரைக்கு ஃபுரக்டோஸ் என்று பெயர், வெல்லத்திலும் வெள்ளைச் சர்க்கரையிலும் பாதி அதுதான், சில குழந்தைகளின் உடம்புக்குப் பிறவியிலேயே அதைச் செரிக்கத் தெரியாது, உள்ளே போனால் விஷம் மாதிரி ஈரலைக் கெடுக்கும், அதை நிறுத்திவிட்டால் பையன் மற்ற பிள்ளைகளைப் போல இருப்பான். நான் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார். "அந்தக் குழந்தைக்கும் இதுவாத்தான் இருக்கணும். இது யார் தப்பும் இல்லம்மா. உன் தப்பும் இல்ல, ஊட்டினவங்க தப்பும் இல்ல. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

திரும்பி வரும்போது பஸ் ஓசூரைத் தாண்டியது. பிறகு வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாப்பா சங்கதிய அக்காகிட்ட எடுக்காத. அது தாங்காது." சரி என்றேன். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி வாசலிலேயே கேட்டார். "என்னங்கறாங்க?"

"இனிப்பு ஒத்துக்காதாம் அண்ணி."

"எதெதுங்கறாங்க?"

"சக்கரை, வெல்லம், தேன், பழம், கரும்பு, எதுவுமே ஆகாதாம்."

"கரும்புமா?"

"ஆமாங்க."

அண்ணி உள்ளே போனார். வெல்லப் பானையை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டி மாட்டுக்குக் கலக்கிவிட்டார். பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவைத்தார். மறுநாள் அதில் மிளகாய் இருந்தது.

சர்க்கரையை விடுவது எனக்குச் சுலபமாக இல்லை. முதல் வாரம் மண்டை இடித்தது, யார் பேசினாலும் எரிச்சல் வந்தது. மாங்கூழ் கம்பெனியை விட்டுவிட்டேன். ஆனாலும் மாம்பழக் காலத்தில் ரோட்டில் லாரி போனால் அந்த வாசனை வீட்டுக்குள் வரும், வாயில் எச்சில் ஊறும். ஊறியதும் மகளின் மூடிய உதடு கண்ணுக்கு முன் வரும். கொஞ்ச நாள் கழித்து நாக்கு மாறியது. சாமைச் சோற்றை மெதுவாக மென்றால் இனித்தது. வெறும் பால் இனித்தது. இவ்வளவு இனிப்பு இதில் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. இது போதுமென்று இருந்திருக்கலாமே என்றும் தோன்றும்.

கடையில் விற்பதில் எதில் சர்க்கரை இல்லை என்று தேடினால்தான் தெரிகிறது. ரொட்டியில் இருக்கிறது, சாஸில் இருக்கிறது, குழந்தைகள் குடிக்கிற இருமல் மருந்தில் இருக்கிறது. மகனுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையைப் பொடித்துத்தான் கொடுப்போம். பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் மிட்டாய் கொடுத்தால் பாக்கெட்டில் போட்டு வந்து அத்தையிடம் கொடுப்பான். ஒரு முறை பல் டாக்டர் பள்ளிக்கு வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, இவனை மட்டும் நிறுத்தி வைத்து, "இவனைப் பாருங்க, ஒரு பல்லுல சொத்தை இல்ல. என்னடா பேஸ்ட் போடற?" என்றாராம். அன்றைக்கு அவனுக்கு இருந்த பெருமை! ஆனால் கோயிலுக்குப் போனால் பிரசாதத்துக்குக் கை நீட்ட மாட்டான். பொங்கலோ பஞ்சாமிர்தமோ, எல்லாரும் வாங்கும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான்.

அண்ணி வெளியிலும் இனிப்பைத் தொட மாட்டார். ஒரு கல்யாணப் பந்தியில் இலையில் வைத்த ஜாங்கிரியை ஓரமாக ஒதுக்கினார். பக்கத்தில் இருந்தவர், "உங்களுக்கும் சுகருங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் அண்ணி. அவருக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. மருமகன் மேல் இருக்கிற பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே புதுசாக வீடு கட்டினோம். குடி போவதற்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும் என்று சின்ன மாமியார் சொன்னார். கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணை அந்த வீட்டுச் சாமியாகக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நல்ல காரியம் எதற்கும் முதலில் அவளுக்குத் துணி, பூ, வளையல் வைத்துப் படைத்துவிட வேண்டும்.

"கைக்குழந்தைக்கெல்லாம் பூவாடை உண்டுங்களா சின்னம்மா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"பொண்ணாப் பொறந்து போனவதானே. வயசு எதுக்குப் பாக்கோணும்? சக்கரைப் பொங்கல் வையுங்க, வாழைப்பழம் வையுங்க, ஒரு கரும்பு வையுங்க. பச்சப்புள்ள, இனிப்புன்னா ஓடி வரும்."

அவள் இருந்தபோது வாயை மூடிக்கொண்டு வேண்டாம் என்றதையெல்லாம், சாமியான பிறகும் அவள் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் அண்ணிக்குத் தெரிந்துவிடும். அத்தனை பேர் கூடியிருக்கிற வீட்டில், தன் கையால் ஊட்டியதுதான் குழந்தையைக் கொன்றது என்று அவர் கேட்க வேண்டியிருக்கும். நான் எப்போதும்போல் பேசாமல் இருந்தேன்.

துணி எடுக்க அண்ணியும் நானும் பென்னாகரம் போனோம். கடைக்காரப் பையன், "பாப்பாவுக்கு வயசு எத்தனைங்க?" என்று கேட்டான். "கைக்குழந்தைக்குப் பாரு" என்றார் அண்ணி. அவன் எடுத்துப்போட்டதில் ரோஸ் கலர் கவுன் ஒன்றை எடுத்து, உள்பக்கம் தையல் குத்துமா என்று கழுத்துப் பட்டியைத் தடவிப் பார்த்தார்.

படைக்கிற அன்று, "பொங்கல் நான் வெக்கறேன், நீ வந்தவங்களப் பாரு" என்று அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டார். புது வீட்டு நடு அறையில் விளக்கு, பூ, வளையல், கவுன் எல்லாம் வைத்தோம். அண்ணி தலைவாழை இலை போட்டுப் பொங்கலைப் பரிமாறினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன டம்ளரில் பால் வைத்தார். பழம் இல்லை, கரும்பு இல்லை.

சின்ன மாமியார்தான் முதலில் கேட்டார். "ஏம்மா, வெல்லம் போட மறந்துட்டியா?"

"மறக்கல சின்னம்மா."

"பூவாடைக்குப் படைக்கறது இனிப்பு இல்லாமயா? ஊருல கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அதுக்குப் பாலு ஒண்ணுதான் ஒத்துக்கிச்சு."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.

கற்பூரம் காட்டியதும், அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது முறை. எல்லாரும் வாசல் பந்தலுக்குப் போய்விட்டார்கள். அண்ணி மட்டும் சாத்திய கதவுக்குப் பக்கத்தில் நின்றார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"நாங்க ஒண்ணும் சொல்லலீங்களே அண்ணி."

"பையனுக்கு ஆகாததெல்லாம் வரிசையாச் சொன்னியே. அத்தனையும் நான் பாப்பாவுக்கு ஊட்டுனதுதானே. அதுக்கு மேல யாரு வந்து சொல்லணும்?" கதவையே பார்த்துக்கொண்டு பேசினார். "அது அப்பவே வாய மூடிக்குச்சு. எனக்குத்தான் புரியல. மூக்கப் புடிச்சு ஊத்துனேன்."

டாக்டரம்மா சொன்னதை அப்போதுதான் சொன்னேன். "இது யார் தப்பும் இல்லைன்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க அண்ணி. ஊட்டினவங்க தப்பும் இல்ல, யாருக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னாங்க."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "எப்பச் சொன்னாங்க?"

"பையனக் காட்டப் போனப்ப."

அவர் பந்தலைப் பார்த்தார். அங்கே என் மகன், அப்பாவை விட உயரமாக, செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அத்தன வருசமாச்சா" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் எடுத்துக்கொள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. அடுப்புச் சூட்டில் உள்ளங்கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

கதவைத் திறந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாலில் ஆடை படிந்திருந்தது. இலையில் இருந்ததை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். மகன் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான்.

"வா கண்ணு" என்றார் அண்ணி. "இது உங்கக்கா சோறு. நீ சாப்பிடலாம்."

அவன் என்னைப் பார்த்தான். தலையாட்டினேன். வந்து உட்கார்ந்து, முதல் தடவையாகச் சாமி முன்னால் வைத்த இலையிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டான். "நல்லாருக்குது அத்தை. நீங்களும் சாப்பிடுங்க" என்று ஒரு உருண்டை உருட்டி அவர் வாய்க்கு நேராக நீட்டினான்.

அண்ணி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.